கதாநாயகனின் கறுப்புக் கோட்டு

“தோள் தொங்குது பாரு, தோள் தொங்குது” என்று மாஸ்டர் டிவியைப் பார்த்து முணுமுணுக்கிறார் என்றால், திரையில் யாரோ கோட்டுப் போட்டவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். கதாநாயகி விஷம் குடித்துச் சாகிற கட்டத்தில் வீடே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். அவர் மட்டும், “கை ரெண்டும் சமமா வெட்டலையே” என்பார். நாற்பது வருஷமாகத் தையற்கடை வைத்திருப்பவர். முகத்தைப் பார்த்து ஆளை அறியும் வழக்கம் அவருக்குக் கிடையாது; மார்பளவுதான் அடையாளம். “காலையில முப்பத்தெட்டு வந்துட்டுப் போச்சு” என்றால், மருந்துக்கடைக்காரர் வந்து போனார் என்று வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. தன் கையால் தப்பு நடந்ததாக அவர் ஒப்புக்கொண்ட சரித்திரமே இல்லை. சட்டை பிடிக்கிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். “துணி அளவாத்தான் இருக்கு. நீங்கதான் ஒரு சுத்து பெருத்துட்டீங்க.” வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு போய்விடுவார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரே ஒரு படத்துக்குத்தான் மரியாதை. அதில் மழைக் காட்சியில் கதாநாயகன் போட்டுவரும் கறுப்புக் கோட்டு மாஸ்டர் தைத்தது. அப்போது கல்யாணமான புதிது. படக்கம்பெனித் தையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று துணியோடு வந்து நின்றார்கள். வெட்டியதும் தைத்ததும் மாஸ்டர். பொத்தான் நுழையும் துளைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைத்தது வீட்டம்மா. அன்றிலிருந்து எப்போது அந்தப் படம் ஓடினாலும், எந்த விருந்தாளி இருந்தாலும், வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார். “கோட்டு வருது, கோட்டு வருது! காஜா பூராவும் என் கைதான்!”

அந்தக் கோட்டு வண்டி ஏறுகிற நிமிஷத்தில்தான் மாஸ்டர் கண்ணில் பட்டது. ஆண்கள் கோட்டில் இடது பக்கம் இருக்க வேண்டிய காஜா, பெண்கள் உடுப்பில் இருப்பதுபோல வலது பக்கம் இருந்தது. பெண் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்தே பழகிய கை, பழக்கதோஷத்தில் செய்த வேலை. புது மனைவியின் முகத்தைப் பார்த்தார். பூரித்துப்போய் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். நல்லவேளையாக, அவர்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிரிண்ட் தேய்ந்து கோடு கோடாக ஓடியது. பிறகு டிவியில் வந்தபோதும் கோட்டு வெறும் கறுப்புத் திட்டுதான்.

அதனால்தான் மகள் பெரிய டிவி வாங்கித் தருகிறேன் என்றபோதெல்லாம் தட்டிக் கழித்தார். “கண்ணு கெட்டுப்போகும்.” “இந்தச் சுவத்துல ஆணி நிக்காது.” மகளும் தையல்காரிதான். அப்பாவின் பிடிவாதத்தில் பாதியாவது அவளுக்கும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளை வைத்துச் சுவரில் மாட்டியே விட்டாள். அந்தப் படத்தைப் புதிதாகத் துலக்கி ஹெச்.டி.யில் போட்டிருக்கிறார்கள் என்று அதையும் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

மூவரும் உட்கார்ந்தார்கள். “ஐயே, வில்லனோட விக்கு ஓரத்துல பசை தெரியுதே!” என்று வீட்டம்மா கைதட்டிச் சிரித்தார். திரையில் மழை தொடங்கியதும் மாஸ்டர் எழுந்துபோய் டிவியின் முன்னால் நின்று ஒயரைத் தடவினார்.

“அப்பா, நீங்க என்ன கண்ணாடியா? தள்ளுங்க” என்றாள் மகள்.

“ஒயர் லூசா இருக்கும்மா...”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. கோட்டு வரப்போவுது, வந்து உக்காருங்க” என்றார் வீட்டம்மா.

உட்கார்ந்தார். கதாநாயகன் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டான். சுவர் அகலத்துக்கு மூன்று பொத்தான்கள். நூல் முடிச்சுகூடத் தெரிந்தது.

மகள் படத்தை அப்படியே நிறுத்தினாள். “அம்மா! இது லேடீஸ் பக்கமில்ல? காஜா வலது பக்கம் இருக்கு!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டம்மா சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சுண்டிவிட்டது. மாஸ்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அவ மேல தப்பில்ல” என்றார். “காஜா எங்கன்னு சாக்பீஸ்ல குறி போட்டுக் குடுத்தவன் நான். அவசரத்துல பக்கம் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்.”

“தப்புன்னு சொன்னது அப்பாவா!” மகள் வாயைப் பிளந்தாள். “ஐயோ, இதை ஃபோன்ல பதிவு பண்ணாம விட்டுட்டேனே!”

அன்றைக்கு அந்தக் கோட்டில் சாக்பீஸ் குறி எதுவும் போடவில்லை. அதற்கெல்லாம் நேரமே இருக்கவில்லை. அது மாஸ்டருக்கும் வீட்டம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

மகள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். வீட்டம்மா திரையைப் பார்க்கவில்லை. வளர்ந்த பெண் பக்கத்தில் இருக்கிறாளே என்றும் பார்க்காமல், மாஸ்டரின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கத்தரி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கட்டைவிரலை மெல்லத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.