அண்ணனின் கையும் நான் வாங்கிய ஸ்பேனரும்

அண்ணனுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் நாங்கள் நம்பினோம். கேட்டவர்களுக்கும் அப்படியே சொன்னோம். முதலாம் ஆண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெற்றிருக்கும் உங்களில் பலர் அதை என் வாயாலேயே கேட்டவர்கள். அந்தச் செய்தியைத் திருத்தாமல் அண்ணனின் வாழ்க்கையைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

அண்ணன் வெண்ணந்தூரில் தறிக்காரர் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா மறைந்ததும் பள்ளியை விட்டு, சேலத்தில் கேமரா பழுதுபார்க்கும் கடையொன்றில் சேர்ந்தார். நான் படித்து முடித்து நாமக்கல்லில் நூலகப் பணியில் அமரும்வரை தம் திருமணப் பேச்சையே எடுக்க விடவில்லை. பிறகு இராசிபுரத்தில் சொந்தக் கடை வைத்தார். லென்சில் பூஞ்சை பிடித்தால் எருமப்பட்டியிலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் கல்யாண போட்டோகிராபர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

லென்சின் கண்ணாடியை ஒரு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். அதில் எதிரெதிரே இரண்டு சிறு பள்ளங்கள் உண்டு. கவராயம் போல இரண்டு கால்கள் கொண்ட ஸ்பேனரை அவற்றில் பொருத்தித் திருப்ப வேண்டும். இறுக்கிய கால் அசைந்தால் முனை துள்ளிக் கண்ணாடியைக் கீறிவிடும். அண்ணனின் ஸ்பேனர் பழையதாகியிருந்தது. பயிற்சி வகுப்புக்காகச் சென்னை சென்றபோது புதியது வாங்கி வருவதாகச் சொன்னேன்.

“பாத்து வாங்கு சாமி,” என்றார் தொலைபேசியில். என்னை அவர் செல்லமாகச் ‘சாமி’ என்றே அழைப்பார். “ரண்டு காலையும் புடிச்சு விரிச்சுப் பாரு. துளி அசைஞ்சாலும் வேண்டாம். முனை தட்டையா இருக்கோணும், ஊசியாட்ட இருந்தா வழுக்கீரும். பளபளப்ப மட்டும் பாக்காத.”

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பாக, கனமாக, கதவுத் தாழ்ப்பாள் போல இருந்தது. மற்றொன்று வெல்வெட் பெட்டிக்குள் வெள்ளியாக மின்னியது. பரிசாகக் கொடுக்க அதுவே அழகு என்று எண்ணினேன். கால்களை விரித்துப் பார்க்கவில்லை.

அண்ணன் பெட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “தங்கச்சி வாங்கியாந்தா சாமி படத்துக்கிட்ட வெச்சுத்தான் எடுப்பாராட்ட இருக்குது. நா வாங்குன சட்டைக்கு இந்த மருவாத இல்ல,” என்று அண்ணி கேலி செய்தார். நாங்கள் சிரித்தோம்.

அதன்பின் போகும்போதெல்லாம், “புதுசத்தானுங்களே அண்ணா வெச்சு வேல செய்யறீங்க?” என்று கேட்பேன். “ஆமா சாமி,” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சென்றேன். எருமப்பட்டியிலிருந்து வந்த இளம் போட்டோகிராபர் ஒருவர் தம் லென்சுக்காகக் காத்திருந்தார். அண்ணன் கையில் பழைய ஸ்பேனர் இருந்தது. என்னைக் கண்டதும் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம்.

“ஏனுங்கண்ணா, நாளைக்கு முகூர்த்தமுங்க! இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே!” என்று அந்தத் தம்பி பதறினார்.

அண்ணன் ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “என்ற கை நடுங்கிருச்சு தம்பி. மன்னிச்சுக்கோங்க,” என்று சொல்லித் தம்முடைய சொந்த லென்சை எடுத்துக் கொடுத்தார்.

செய்தி பரவியது. பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அவருக்கு வயதாகிவிட்டது, இனியும் அவப்பெயர் வேண்டாம் என்று எண்ணி, ‘இங்கு லென்ஸ் பழுது பார்ப்பதில்லை’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தவளும் நானே. “எழுத்து நல்லாருக்குது சாமி,” என்று சொல்லி அவரே அதைக் கடை முகப்பில் ஒட்டினார். அன்று முதல் பேட்டரி விற்றும் பாஸ்போர்ட் படம் எடுத்தும் காலம் கழித்தார். சென்ற ஆண்டு ஒரு காலையில் நெஞ்சு வலி வந்து, மருத்துவமனை சென்று சேருமுன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

காரியங்கள் முடிந்த சில நாட்களுக்குப் பின், அந்த நடுக்கத்துக்கு அப்போதே மருத்துவரிடம் காட்டியிருக்கலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“நடுக்கமா? போறதுக்கு மொத நாளுகூட எனக்கு ஊசில நூலு அவருதான் அம்மிணி கோத்துக் குடுத்தாரு. அந்த ஸ்பேனரு ஆகாதுன்னு வந்த அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. ‘அது ஆசையா வாங்கியாந்துச்சு, சொல்லிப்போடாத’ன்னாரு. நானும் வாயத் தொறக்கல.”

வெல்வெட் பெட்டியைத் தேடி எடுத்தேன். முதன்முறையாக இரண்டு கால்களையும் பிடித்து விரித்துப் பார்த்தேன். இறுக்கிய பின்னும் விரிந்தன. முனைகள் ஊசியாக இருந்தன.

அண்ணனின் கை ஒருநாளும் நடுங்கவில்லை. பிழை என் தேர்வில் இருந்தது. நான் வருந்தக்கூடாது என்பதற்காக அவர் தம் கையின் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். அதனால் தம் தொழிலையும் இழந்தார். இதைப் படிப்பவர்கள், அன்று என் பேச்சைக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லுங்கள்.

அண்ணன் மறைந்த அன்று வண்டி எடுத்து ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடைகளை அடைத்து உடன் நடந்த வியாபாரிகளுக்கும், மனத்தாங்கலை மறந்து பாடைக்குத் தோள் கொடுத்த எருமப்பட்டித் தம்பிக்கும் எங்கள் நன்றி. அவரிடம் உண்மையை நேரில் சென்று சொன்னேன். அண்ணனின் பழைய ஸ்பேனர் இப்போது அவரிடம் இருக்கிறது. புதியது என்னிடம் இருக்கிறது.

வெண்ணந்தூர் வீட்டில் அண்ணி இருக்கிறார். சனிக்கிழமை தோறும் நான் போகிறேன். அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன்.