ரெண்டு கட்டை

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் "போய் வேலையப் பாருங்க லா" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற ஆள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் பதினைந்து வருஷமாக ரிக்கார்டிங் செய்கிறேன். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே.

அந்தோணி கிள்ளான்காரன், வயலின் வாசிப்பவன். ஞாயிறு காலை சர்ச், சாயங்காலம் ஏதாவது கல்யாண மண்டபம் என்று அந்தக் கையை நம்பித்தான் அவன் குடும்பம் ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தோம். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, வயலின் மேல் வயலினாக அடுக்கி, அடியில் விடாமல் ஒரு ட்ரோன். கல்யாணத்தில் தலைக்கு மேலே பறக்குமே, அந்தக் கேமரா இல்லை. தம்பூரா மாதிரி நிற்காமல் ஓடும் ஒற்றை இரைச்சல். அதற்காகக் கிள்ளான் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு மர ஆலைக்குப் போய் ரம்ப மெஷினின் சத்தத்தை நாற்பது நிமிடம் பதிந்துகொண்டு வந்திருந்தேன். அங்கே இருந்த ஒருவருக்கும் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி, வெளியே நல்ல மழை. அறை முழுக்க நிறையட்டும் என்று இரைச்சலை ஸ்பீக்கரிலேயே போட்டோம். அந்தோணி எனக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஓட விடு மச்சான்" என்றான். லேப்டாப்பில் பதிவைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், அவசரமே இல்லாமல், "ரெண்டு கட்டை" என்றது.

சுவருக்குப் பலகை அடித்ததில் மிஞ்சிய கட்டைகள் மூலையில் கிடந்தன. நம்பினால் நம்புங்கள், எதற்கு என்று ஒரு கேள்விகூட எனக்கு வரவில்லை, கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். அவன் வயலின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தான். மைக்கைச் சரிசெய்ய வருகிறேன் என்று நினைத்துத் திரும்பிச் சிரித்தான்.

முதல் அடி தோளில், அடுத்தது காதுக்கு மேல். தோல் பிளந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. "டேய்! டேய், நான்டா!" என்று அலறினான். மறுபடி ஓங்கியபோது தலையை விட்டுவிட்டு வயலினைக் காப்பாற்ற இடது கையை அதன்மேல் வைத்தான், மடையன். அந்தக் கையிலேயே அடித்தேன். எலும்பு முறிவது கேட்டது, கேட்டும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தேன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து பூக்கடை அக்கா ஓடிவந்தார். "ஐயோ, என்னா பண்ற, விடுடா பாவி!" என்று என் முடியைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. இழுத்த இழுப்பில் அவர் கால் ஸ்பீக்கர் ஒயரில் மாட்டி அது பிடுங்கிக்கொண்டது. இரைச்சல் நின்றதும் என் கை தானாகக் கீழே இறங்கியது.

ஆஸ்பத்திரியில், மாடிப்படியில் விழுந்துவிட்டதாக அவனே டாக்டரிடம் பொய் சொன்னான். கட்டுப் போடக் காத்திருந்தபோது மெதுவாகக் கேட்டான்: "நீதானடா ரெண்டு கட்டைன்னு சொன்னே? நான் ஒரு கட்டையில வெச்சிருந்தேன், நீ சுருதிய ஏத்தச் சொல்றேன்னுதான் தந்திய முறுக்குனேன்."

சுருதியின் உயரத்தைக் கட்டை என்றுதான் வித்வான்கள் சொல்வார்கள், எனக்குத் தெரியாததா? ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்தது மரக்கட்டைதான். "நான் வாயே தொறக்கலடா, எங்கம்மா மேல சத்தியமா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பதிவைத் திறந்தேன். லேப்டாப் எல்லாவற்றையும் பதிந்திருந்தது. அந்தக் குரல் மட்டும் இல்லை. இரைச்சல் இருக்கிறது, அடி ஒவ்வொன்றும் இருக்கிறது, அவன் அலறல் இருக்கிறது, அக்கா திட்டுவது இருக்கிறது. கூடவே வயலினும் இருக்கிறது. முதல் அடியிலிருந்து ஒயர் பிடுங்கும்வரை மூன்று நிமிடம், சுத்தமான இரண்டு கட்டையில், அவன் விரல் உடைகிற சத்தத்துக்கு மேலேயும் நிற்காமல் வாசிப்பு ஓடுகிறது.

அவன் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்துப்போய்விட்டன, நரம்பு போய்விட்டது, இனி அசையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பதிவில் இருப்பதைச் சொன்னதும் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்றான் அந்தோணி, நான் எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. "போடு, என் கைய ஒடச்சவன் நீ, நான் கேட்டா போடணும்" என்றான். அவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போட்டேன். வயலின் ஆரம்பித்ததும் அந்த இரண்டு விரல்களும் மடங்கி, காற்றில் தந்தியை அழுத்தி, ஒரு ஸ்வரம் பிசகாமல் கூடவே வாசித்தன. அவன் வாய்விட்டு அழுதான். மூன்று நிமிடம் முடிந்ததும் மறுபடி விறைத்துவிட்டன.

அதனால் இப்போதும் சனிக்கிழமை மத்தியானம் போன் வரும். "மச்சான், ஒரு தடவ வந்து போடு." எந்த முகத்தை வைத்துக்கொண்டு முடியாது என்பேன்? போகிறேன், போடுகிறேன். அது ஓடி முடிகிறவரை என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.