சிரிக்கக் கூடாத நாட்கள்

மூன்றாம் பிறையைக் கும்பிட வாசலில் நின்றேன். எனக்கு ஐந்து பிறை தெரிந்தது.

பக்கத்தில் நின்ற என் மனைவி பாவாயி ஒரு பிறையைக் கும்பிட்டுவிட்டு மாடு கட்டப் போய்விட்டாள். நான் ஐந்தையும் கும்பிட்டேன். புண்ணியம் கொஞ்சம் கூடச் சேரட்டும் என்று நினைத்தேனே தவிர, கண்ணில் கோளாறு என்று தோன்றவில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ நிலா ஒன்றுக்கு மேல் தெரிந்தால் என்னைப் போல் மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு ஜேடர்பாளையத்துக்குப் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. பிறை ஐந்தான பிறகு வெயில் கூசத் தொடங்கியது. அப்புறம் எதிரே வருகிறவர்களின் முகத்தில் புகை படிந்தது. ஆட்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துச் சமாளித்தேன். ஒரு கல்யாணத்தில், வெள்ளைத் துணி போர்த்திச் சுவரோடு சாய்த்து வைத்திருந்த அரிசி மூட்டைக்குக் கும்பிடு போட்டு, "எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அதைப் பார்த்துவிட்டவன் சென்னியப்பன். பாவாயியின் அண்ணன், எனக்கு மச்சான். வேறு யார் பார்த்திருந்தாலும் விஷயம் அந்தப் பந்தலோடு போயிருக்கும். அவன் காவிரிக்கு அக்கரை வரை கொண்டுபோய்ச் சொல்லிவிட்டான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மச்சானும் மாப்பிள்ளையும் கேலி முறைக்காரர்கள். ஒருவரையொருவர் வாராமல் பேசவே கூடாது. எங்கள் கல்யாணத்தன்று தொடங்கி, என்னைக் கண்டதும் சென்னியப்பன் கேட்பது ஒரே கேள்விதான். "ஏன்டா மாப்ளே, இன்னும் உசுரோடதான் இருக்கறயா?" நான், "உன்னை எடுத்துப்போட்டுட்டு அப்பறம் போலாம்னு இருக்கறன்" என்பேன். இது எங்களுக்குள் வணக்கம் மாதிரி. முறைக்காரன் மரியாதையாகப் பேசினால் ஒன்று பெரிய சண்டை, இல்லையென்றால் சாவு வீடு என்று அர்த்தம்.

இரண்டு மூன்று வருஷத்தில் வலது கண் முழுதாக மூடிவிட்டது. இடது கண்ணில் நிழலாட்டம் மட்டும். அப்போதும் நான் அசையவில்லை. சந்தைக்குச் சந்தை வந்து ஊசியால் புரையைத் தள்ளிவிடுகிற வைத்தியர் ஒருவரிடம் எங்கள் பங்காளி ஒருவர் கண்ணைக் கொடுத்துவிட்டுக் குருடாகத் திரும்பியிருந்தார். இருக்கிற நிழலும் போய்விட்டால் என்ன செய்வது? எனக்கு அந்தப் பயம்தான்.

பாவாயி ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, கெணத்து மேட்டுல நேத்து நீங்க நின்ன எடம் தெரியுங்களா? இன்னொரு எட்டு வெச்சிருந்தா உள்ள உழுந்திருப்பீங்க. நான் கூப்புட்டா திடுக்குனு திரும்பீருவீங்கன்னு வாயத் தொறக்காம நின்னேன். இனி என்னால ஆவாதுங்க. சேலத்துக்குப் போலாம்."

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. அதனால் கிளம்பினேன்.

அது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கியபடி எங்கள் பஸ் ராசிபுரம் வந்து சேர்வதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. ஒரு மேட்டில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். நானும் தள்ளினேன். "நீங்க தள்ளறது பஸ் இல்லீங்க, புளியமரம்" என்று பாவாயி என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற சாலையோரம் இருந்தது அந்தச் சின்னக் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் விளக்கை என் கண்ணில் அடித்துப் பார்த்தார். கண்புரை (கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய வில்லை பாலாக வெளுத்துப்போவது) என்றார். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டதாம். முற்றினால்தான் எடுக்கத் தோது என்றார். முதன்முறையாக என் உடம்பில் ஒன்று முற்றியதற்காக ஒருவர் சந்தோஷப்பட்டார்.

"போயிட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "என் கையில பாதி, உங்க கையில பாதி. அறுத்த இடத்துல தையல் கிடையாது. தானா ஒட்டணும். அதுவரைக்கும் இருமக் கூடாது, தும்மக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கக் கூடாது. முகம் குலுங்கினா காயம் விட்டுப்போகும். கண் போயிடும்."

முதல் மூன்றையும் சமாளிக்கலாம் என்று தோன்றியது.

அறுவை என்றதும் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள் (கண் மரத்துப்போவதற்கு). நினைவு தப்பவில்லை. டாக்டரின் மூச்சுச் சத்தம் கேட்டது. ஏதோ இழுபடுவது தெரிந்தது, வலிக்கவில்லை. வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பாடு. இரண்டு கண்ணையும் கட்டி, மல்லாத்திப் போட்டு, தலை உருளாமல் இரண்டு பக்கமும் மணல் பையை அண்டக் கொடுத்தார்கள். கஞ்சிதான் ஆகாரம், அதுவும் பாவாயி கரண்டியால் ஊற்றுவாள். மெல்லக்கூடக் கூடாது.

ஆரோக்கியம் என்று ஒரு நர்ஸம்மா இருந்தார், சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் நெற்றியில் விரலை வைத்து, "அசையாதீங்க ஐயா, நல்ல பிள்ளையா இருங்க" என்பார். பேரன் எடுத்த வயதில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

ஒருநாள் காலையில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே புகையிலை வாசம். சென்னியப்பன்! எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. "இன்னும் உசுரோடதான்" என்பான், பதிலைச் சத்தமில்லாமல் சொல்லிவிடலாம் என்று தயாராகப் படுத்திருந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"மாப்ளைங்க சவுக்கியமுங்களா?" என்றான்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

"எல்லாம் ஆண்டவன் விட்ட வழிங்க. மனசத் தளர உட்றாதீங்க. பண்ணையத்தப் பத்திக் கவலை வேண்டாமுங்க, நான் பாத்துக்கறனுங்க. அப்ப வாரனுங்க" என்று சொல்லிவிட்டு, மெல்ல நடந்து போயே போய்விட்டான்.

கண் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்லவில்லை, நர்ஸம்மா சொல்லவில்லை, பாவாயியும் மறைக்கிறாள். மச்சானுக்குத்தான் மறைக்கத் தெரியவில்லை. கட்டின கண்ணுக்குள் இருட்டு இன்னும் இறுகியது. இனிமேல் கரும்பு பூத்ததை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இனி எனக்கு என் வாசல் என்பது முகத்தில் படுகிற காற்று மட்டும்தான். நெஞ்சு விம்மியது, ஆனால் அழவும் கூடாது. வாயால் மூச்சு விட்டு விட்டு அடக்கினேன்.

பாவாயி கஞ்சியோடு வந்தாள். "பாவாயி, என்ற கண்ணு போயிருச்சா? மறைக்காமச் சொல்லு" என்றேன்.

"ஆருங்க சொன்னது?"

"உங்கண்ணன் வந்து என்னை மரியாதையாப் பேசிப்போட்டுப் போறான்."

கட்டில் லேசாக ஆட ஆரம்பித்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முதலில் அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"ஐயோ சாமி" என்றாள், மூச்சு வாங்க. "நாந்தானுங்க அவனக் கதவுகிட்ட மறிச்சேன். அவரைச் சிரிக்க வெச்சின்னா கண்ணு போயிரும், வாயத் தொறக்காதேன்னு சொன்னேன். அந்த நர்ஸம்மாவும் மெரட்டி உட்டாங்க. பேசாம இருக்கத் தெரியாம, அந்த மனுசன் எழவு ஊட்டுப் பேச்சுப் பேசிப்போட்டுப் போயிருக்கறான்!"

பயம் இறங்கின இடத்தில் சிரிப்பு ஏறியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி மார்புக்கு வந்துவிட்டது. என் இரண்டு தாடையையும் பாவாயி ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க அசையாதீங்க. உங்களுக்கும் சேத்தி நானே சிரிச்சுக்கறேன்" என்றாள். அப்படியே எனக்கும் சேர்த்துச் சிரித்தாள். எதையோ கொண்டு வாயைப் பொத்தின சிரிப்பு. நர்ஸம்மாவுக்குப் பயந்து பொத்திக்கொள்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றார். விளிம்பெல்லாம் கரைந்த மூன்று விரல் தெரிந்தது. "மூனுங்க" என்றேன். அந்த அறையில் இருந்தவர்களில் அதிகம் சந்தோஷப்பட்டவர் டாக்டர்தான். என் தோளில் ஓர் அடி போட்டார். வில்லையை எடுத்துவிட்டதால் தடித்த கண்ணாடி போட்டால்தான் தெளியும் என்று சொல்லி, புண் ஆற ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்.

மறுபடி சேலம் போய்க் கண்ணாடியை மாட்டியதும் முதலில் தெரிந்தது நீலம். ஏற்காட்டு மலையில் அத்தனை நீலம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஆனால் எல்லாமே பெரிதாக, கிட்டத்தில் இருந்தது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை எட்டவில்லை. படியில் கால் வைத்தால் படி வேறு எங்கோ இருந்தது. இந்தத் தொந்தரவு உங்களுக்கும் வரும். பயப்பட வேண்டாம். கை கால் புதுக் கணக்கைத் தானே கற்றுக்கொள்ளும். நான் நடை பழகினேன், தண்ணீர் ஊற்றிக் குடிக்கப் பழகினேன்.

வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பன் வாசலிலேயே நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏன்டா மாப்ளே, இன்னும் உசுரோடதான் இருக்கறயா? சோடா புட்டிய ஒடச்சா மூஞ்சில மாட்டீருக்கற?" என்றான். எனக்குக் கண் வந்துவிட்டது என்று அப்போதுதான் முழுதாக நம்பினேன். அவனை அப்படியே கட்டிக்கொண்டேன்.

சுவர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது என் அப்பன் நின்றிருந்தார். நிழலாட்டத்தில் வாழ்ந்த வருஷங்களில் யாருக்கும் வயது ஏறவில்லை என்று நினைத்திருக்கிறேன். பாவாயியை நான் கடைசியாகத் தெளிவாகப் பார்த்த முகத்தோடே நிறுத்தி வைத்திருந்தேன். அந்த வருஷங்கள் மொத்தமும் ஒரே காலையில் வந்து சேர்ந்தன. அவள் தலை வெளுத்திருந்தது. கண்ணோரம் கோடு விழுந்திருந்தது. ஆனால் அவள் நேரே நின்று பேசவே இல்லை. முகத்தைத் திருப்பியே பதில் சொன்னாள், முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மூன்றாம் பிறையன்று இருவரும் வாசலில் நின்றோம். மேற்கே ஒரே ஒரு பிறை, நகம் வெட்டிப் போட்டாற்போல்.

"எத்தனைங்க?" என்றாள்.

"ஒன்னுதான். மீதி நாலையும் டாக்டர் எடுத்துக்கிட்டாரு."

அவள் சிரித்தாள். சிரிக்கும் முன்னே கை வாய்க்குப் போய்விட்டது. அந்தக் கட்டிலோரத்தில் கேட்ட அதே பொத்தின சிரிப்பு.

"கைய எடு" என்றேன்.

மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் மெல்ல விலக்கினேன். முன்பல் இரண்டும் இல்லை.

"எப்பப் போச்சு?"

"நீங்க அரிசி மூட்டைக்குக் கும்புடு போட்ட வருசமுங்க."

அத்தனை காலமும், பார்க்க முடியாத என் முன்னாலும் அவள் வாயை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறாள். என்றாவது எனக்குக் கண் தெரியும் என்று அவளுக்கு மட்டும் சந்தேகமே இருந்ததில்லை.

"அரிசி மூட்டைய உட நீ நல்லாத்தான் இருக்கற" என்றேன்.

இம்முறை அவள் கை மேலே போகவில்லை. எனக்கும் தாடையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படவில்லை. மாடு திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்துத் தீர்த்தோம். பிறை எப்போது இறங்கியது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.