ஜவுபர் அடைத்த தண்ணீர் வண்டி

ஈயத்தால் பற்ற வைத்த மடிப்பின் மேல் வெண்கட்டியைத் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டால், ஜவுபர் அந்தப் பாத்திரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். ஊசி முனையளவு துவாரம் இருந்தாலும் மண்ணெண்ணெய் கசிந்து வெண்கட்டியில் கறுப்பாகப் படரும். அதைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. கடைப் பக்கமாக யார் போனாலும் கூப்பிடுவார்.

"இஞ்ச, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களன். நனைஞ்சிரிக்கா?"

வந்தவர் குனிந்து பார்த்து இல்லை என்பார்.

"வடிவாப் பாருங்க. மூலையப் பாத்தீங்களா?"

மூலையிலும் இல்லை என்ற பிறகுதான் மூச்சு வெளியே வரும். பக்கத்துச் சைக்கிள் கடை முனாபுக்கு இது அன்றாட விளையாட்டு. "காக்கா, வாய்க்கால் மாதிரி ஓடுது" என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, வேண்டுமென்றே சொல்வார். ஜவுபரின் முகம் வெளிறிப் போகும். ஆயிரம் தடவை ஏமாந்த பிறகும் வெளிறும்.

கல்முனைக்குடியில் பள்ளிவாசல் ஒழுங்கை என்ற சந்துக்குள் அவருடைய கடை. வயலுக்கு மருந்தடிக்கும் டாங்கி, பெற்றோமாக்ஸ் விளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு என்று ஒழுகும் சாமான்கள் எல்லாம் அங்கே வரும். பெரிய வேலைக்காரர் என்று ஊரில் யாரும் அவரைச் சொன்னதில்லை. வேலையில் அழகு கிடையாது. ஈயம் அட்டைப்பூச்சி ஒட்டியதுபோலத் தடித்து நிற்கும். ஜவுபர் அடைத்தால் ஒழுகாது என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய சோறும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

சுனாமியில் கடல் வந்துபோன அடுத்த மாதம், கூடாரங்களில் கிடந்த சனம் அவரிடம் தகரப் பெட்டி கேட்டு வந்தது. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கடல் கொண்டுபோய் மவுத்தானவர்களின் படம் எல்லாவற்றையும் உள்ளே வைத்து நான்கு பக்கமும் அடைத்துத் தரச் சொன்னார்கள். இனிக் கடல் வந்தாலும் காகிதம் நனையக் கூடாது. அறுபது பெட்டி அடைத்தார். இரண்டு வருடத்தில் ஆமியின் சுற்றிவளைப்புகள் தொடங்கின. திறந்து பார்க்க முடியாத பெட்டி எதுவும் அவர்கள் கண்ணுக்குக் குண்டு. திறக்க முடியாத பெட்டிகள் ஊர் முழுக்க இருக்கின்றன, அவற்றை அடைத்த கை தன்னுடையது என்பது ஒருநாள் லுஹர் தொழுகையில் நின்றபோது அவருக்கு உறைத்தது. தொழுது முடித்ததும் ஊதுவிளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், தான் அடைத்ததையெல்லாம் தானே திறந்து வைத்தார்.

அடைத்து வைத்தால் ஆமிக்குப் பயம். திறந்து வைத்தால் கடலுக்குப் பயம். இரண்டுக்கும் நடுவில் மனிதன் எங்கே நிற்பது என்று கேட்டால் நீண்ட நேரம் யோசிக்கலாம். ஜவுபர் யோசித்தவர் அல்லர். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் கை நுழையும் அகலத்துக்கு ஒரு மூடி வைக்கும் பழக்கம் வந்தது. பார்க்க வருகிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நோன்புக்கு ஒரு மாதம் முந்தி, பாண்டிருப்புத் தம்பிமுத்து ஒரு காட்போட் பெட்டியோடு கடைக்கு வந்தார். ரயில் இஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். நீராவியில் உண்மையாகவே ஓடும் முழ நீள இஞ்சின் ஒன்றைக் கையாலேயே செய்து வைத்திருந்தார். கடல் அதைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டது. கிணறு இறைத்தபோது இஞ்சின் கிடைத்தது. அதன் பின்னால் தண்ணீர் சுமந்து வரும் சின்ன வண்டி கிடைக்கவில்லை. அது இல்லாமல் இஞ்சினை மூட்டினால் கொதிகலன் காய்ந்து கருகிப் போகும். திரும்பச் செய்யலாம் என்றால் அவருடைய கை இப்போது நடுங்குகிறது. காட்போட்டில் வெட்டிக் கொண்டுவந்திருந்தது அந்த வண்டியின் அளவு.

"வண்டி ஓடுற சில்லெல்லாம் என்னட்ட இருக்கு. பெட்டிய மட்டும் அடைச்சுத் தா தம்பி."

"மூடியக் கொஞ்சம் பெருசா வெப்பமா அண்ணே? கை போற மாதிரி."

"கை போறதுக்கு அதென்ன அரிசிப் பானையா? விரல் போனாக் காணும். மேல்தட்டையும் அடைச்சிரு. ஓடக்குள்ள தண்ணி தளும்பப்படாது."

"அடைச்சா செக்பொயின்ட்ல..."

"தமிழன் நான் கொண்டு போனாக் கேள்வி கேக்க மாட்டாங்க தம்பி, என்னையும் சேத்துக் கொண்டு போயிருவாங்க. நீ கொண்டு வா. உன்னட்டக் கேள்வியாவது கேப்பாங்க."

மாட்டேன் என்று சொல்லவும் ஜவுபருக்குப் பயம். ஓம் என்றார்.

வீட்டில் மனைவி றம்ஸியா சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார். "ஓமெண்டு செல்லிட்டு வந்து இஞ்ச ஏன் நடுங்குறீங்க? அங்க நடுங்கியிருந்தா அந்த மனிசன் வேற ஆளப் பாத்திரிப்பாரு."

பழைய மருந்து டாங்கி ஒன்றை வெட்டி விரித்துப் பித்தளைத் தகடு எடுத்தார். தட்டி நேராக்கி, ஓரங்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்தார். உள்ளே தண்ணீர் அலைமோதாதபடி குறுக்கே ஒரு தட்டு வைத்தார். அடியில் குழாய், குழாயில் ஒரு திருகு, மேலே விரல் நுழையும் கழுத்து, அதற்கு ஒரு மூடி. கடைசி மடிப்பை அடைக்கும்போது மூடியும் திருகும் பூட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. உள்ளே சிறைப்பட்ட காற்று சூடேறி, இளகிய ஈயத்தைப் பொத்துக்கொண்டு சீறி வந்தது. பற்றவைக்கும் கோலை எறிந்துவிட்டு ஜவுபர் நடுத்தெருவில் நின்றார்.

"கோல வுட்டுட்டு ஓடுறீங்களே காக்கா, அது பின்னால வருமா எண்டு பாருங்க" என்றார் முனாப்.

"காத்துப் போக வழி வெக்கல்ல நான். முப்பது வருஷமா அடைக்கிறன், இத மறந்துட்டன்."

அறுபது பெட்டியையும் திறந்து வைத்த நாளிலிருந்து அவர் எதையும் முழுக்க அடைத்ததில்லை, அதனால்தான் மறந்தார் என்பது முனாபுக்குத் தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டு வந்து, விழுந்து கிடந்த கோலை எடுத்துக் கொடுத்தார்.

மூடியைக் கழற்றி மறுபடி அடைத்தார். வெண்கட்டி தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பதினொரு பேர் பார்த்து இல்லை என்றார்கள். பிறகு சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவினார். மண்ணெண்ணெய் மணம் முழுதாகப் போகவில்லை. மேசையில் கிடந்த பித்தளைப் பெட்டியை, அது என்னவென்று தெரியாத ஒருவனின் கண்ணால் பார்க்க முயன்றார். பார்த்ததும் அதன் மேல் ஒரு துணியைப் போட்டார். துணி போட்டது இன்னும் மோசமாகத் தெரிந்தது. எடுத்துவிட்டார்.

தம்பிமுத்து ஒரு கம்பியில் ஐந்து கீறல் போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் ஐந்தாம் கீறல் வரைக்கும் தண்ணீர் நிரப்ப வேண்டும். பின்னேரம் அப்படியே கொண்டுவர வேண்டும். ஐந்திலேயே நின்றால் வேலை சரி. பதினாறாம் நோன்பன்று ஜவுபர் நிரப்பினார். பின்னேரம் அசறுத் தொழுதுவிட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி வெள்ளைப் பொலித்தீனில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினார். கச்சான் காற்று புழுதியை முகத்தில் அடித்தது. விடியுமுன் சாப்பிட்ட சஹருக்குப் பிறகு ஒரு சொட்டும் படாத வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடி வரும் வரைக்கும் ஒரே வசனத்தைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மிதித்தார்.

அங்கே நின்ற ஆமிக்காரனுக்கு இருபது வயது இருக்கலாம். மீசை சரியாக அரும்பவில்லை.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டான்.

"வத்துர டாங்கிய மாத்தயா." தண்ணீர் டாங்கி ஐயா.

மூடியைத் திறக்கச் சொன்னான். டோர்ச் அடித்துப் பார்த்தான். குறுக்குத் தட்டு மறைத்தது. குனிந்து மணந்தான். மண்ணெண்ணெய் மணம் பட்டதும் இரண்டு எட்டுப் பின்னால் போய் மணல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். அவனுடைய கண்ணில் இருந்தது என்னவென்று ஜவுபருக்கு உடனே தெரிந்தது. அதை அவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவர்.

"பீலா பென்னன்ன" என்றான். குடித்துக் காட்டு.

ஜவுபருக்குத் தெரிந்ததெல்லாம் கடைச் சிங்களம். எவ்வளவு, நாளைக்கு வா, ஒழுகாது. நோன்பு என்பதற்கு அதில் சொல் இல்லை. இருந்திருந்தாலும் அப்போது நாக்கு எழும்பியிருக்காது. குந்தி உட்கார்ந்து, திருகைத் திறந்து, குழாயில் வாயை வைத்தார். முதல் வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். அப்புறம் போய்த் துப்பிவிடலாம். அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். விழுங்கினார்.

"தவ." இன்னும்.

விழுங்கினார்.

"தவ."

மண்ணெண்ணெயும் ஈயமும் கலந்த தண்ணீர்தான். ஆனாலும் அது குளிர்ந்திருந்தது. தொண்டை அதை ஆசையோடு வாங்கியது. பிறகு நினைக்க நினைக்க அவரை நடுக்கியது அந்த ஆசைதான். ஏழெட்டு மிடறு இறங்கிய பிறகு அவன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் விழவில்லை. "ஹரி, யன்ன" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அவன் முகத்தில் கூட ஒரு தெளிவு வந்தது.

ஜவுபர் திருகையும் மூடியையும் இறுக்கி, சட்டை நுனியால் துடைத்தார். சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டு நடந்தார். கட்டாயத்தில் குடித்தவனுக்குக் குற்றமில்லை என்று பள்ளிவாசல் பயானில் கேட்டிருக்கிறார். ஆனால் அவன் தோளில் தொங்கிய துவக்கின் வாய் கடைசி வரைக்கும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அதைத் தூக்கவேயில்லை. தூக்காத துவக்குக்குப் பயந்து குடித்தது கட்டாயமா, தன் பயமா? மௌலவியிடம் கேட்கலாம். கேட்டால் ஏன், எங்கே என்று கதை வரும். கதை வந்தால் ஒழுங்கை முழுக்க வரும். பகலில், நோன்போடு, ஆமிக்காரன் சொன்னான் என்று தண்ணீர் குடித்த ஜவுபர். விட்டதற்கு ஈடாக, களாவாக ஒரு நோன்பை இரகசியமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். அந்த ஒன்று போதுமா என்பதிலும் பயம் இருந்தது.

தம்பிமுத்து முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கிளாஸைக் கதிரைக்குப் பின்னால் மறைத்தார்.

"நோம்புக்காரனுக்கு முன்னால வெச்சுக் குடிக்கப்படாது. இரு தம்பி, நிழல்ல இரு. வெயிலுக்குள்ள வெறுவயித்தோட இத உருட்டிக்கிட்டு வந்திருக்கிறாய்."

ஜவுபர் பெட்டியை அவிழ்த்துத் திண்டின் மேல் வைத்தார். தம்பிமுத்து கம்பியை வாங்கி, மூடியைக் கழற்றி உள்ளே விட்டார். எடுத்துப் பார்த்தார். துடைத்து மறுபடி விட்டார்.

"அஞ்சுக்குத்தானே நிரப்பினாய்?"

"ஓம் அண்ணே."

"நாலுக்குக் கீழ நிக்குது."

கழுத்தைத் தடவிப் பார்த்தார். திருகின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். இரண்டும் உலர்ந்திருந்தன.

"மூடியாலயும் போகல்ல, பைப்பாலயும் போகல்ல. அப்ப மடிப்புத்தான் தம்பி." கம்பியைத் திண்டில் வைத்தார். "நீ அடைச்சா ஒழுகாதெண்டு எல்லாரும் செல்லித்தான் நான் உன்னட்ட வந்த."

ஜவுபர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாயிலிருந்து மண்ணெண்ணெய் மணந்தது.

"ஒழுகிரிக்கி அண்ணே."

"எவடத்தால?"

ஜவுபர் குனிந்து, பின்பக்க மடிப்பில் பெருவிரலை வைத்து மெல்ல ஓட்டினார். ஈயம் எங்கும் முழுதாக இருந்தது. மூலைக்கு வந்ததும் விரலை நிறுத்தி, அந்த இடத்தில் நகத்தால் ஆழமாக ஒரு கோடு கீறினார்.