எங்கள் கச்சேரியில் கள் வழக்குகள்

கோர்ட் குமாஸ்தா வேலை என்பது அடுத்தவர் சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது தேய்கிற வேலை. சங்ககிரிப் பக்கம் ஒரு சப்-மாஜிஸ்திரேட் கச்சேரியில் நான் பெஞ்சு கிளார்க்காக இருந்தபோது சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அதோடு என் மூக்கும் தேய ஆரம்பித்தது. பெயர் கூப்பிடுவார்கள் என்று கோர்ட் வராந்தாவில் நின்று கால் கடுத்தவர்களே, உள்ளே உட்கார்ந்திருந்தவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பொங்கி எழுந்த சாட்சி

ஒரு பனையேறியிடம் பிடித்த கள்ளை ஜாடியில் ஊற்றி, அரக்கு வைத்து அடைத்து, என் மேஜையோரம் வைத்திருந்தார்கள். சித்திரை வெயில். கான்ஸ்டபிள் சாட்சி சொல்ல வாயைத் திறந்தார். ஜாடியும் வாயைத் திறந்துவிட்டது. தலை முதல் வேட்டி வரை எனக்குக் கள் அபிஷேகம். மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கூண்டில் நின்ற பனையேறிதான் என்னைப் பார்த்துக் கவலையோடு சொன்னான்: “அப்படியே ஊட்டுக்குப் போயிராதீங்க சாமி, வழியில போலீசு புடிச்சுக்கும்.”

மணியக்காரர் மூக்கு

இன்னொரு வழக்கில், காலையில் பிடித்த பானையை அப்படியே கொண்டுவந்தார்கள். கள் என்றது போலீஸ். பதநீர் என்றான் பிடிபட்டவன். மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டுமே பழக்கமில்லை. சாட்சிக்கு வந்திருந்த கிராம மணியக்காரரிடம் பானையை நீட்டச் சொன்னார். அவர் ஒரே தடவை முகர்ந்தார்.

“கள்ளுதானுங்க. ஜேடர்பாளையத்து ஆத்தங்கரை மரம். நேத்துப் பொழுதோட எறக்கினது.”

“இவ்வளவு எப்படித் தெரியும்?” என்று மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். மணியக்காரர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “சட்டம் வாரதுக்கு முந்திப் படிச்சதுங்க, இன்னும் மறக்கலீங்க.”

பாவாயி கேட்டது

குடித்துவிட்டு வாய்க்கால் மேட்டில் விழுந்து கிடந்த ஒரு நெசவாளியைக் கொண்டுவந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான். மாஜிஸ்திரேட் அபராதம் என்று வாயெடுக்கும்போது, அவன் மனைவி பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அபராதம் வேண்டாமுங்க சாமி. பாவு நூலை வித்து நான்தான் கட்டோணும். உள்ள போட்டுருங்க.”

அவன் தலை நிமிரவில்லை.

“இவன் ஜெயிலுக்குப் போனால் தறியை யார் பார்ப்பது?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“இப்பவும் நான்தானுங்க நெய்யறேன்.”

மாஜிஸ்திரேட் ஒரு வாரம் காவல் என்று எழுதினார். கூட்டிக்கொண்டு போகும்போது அவன் வராந்தாவில் நின்று, “புள்ளைகிட்டச் சந்தைக்குப் போயிருக்கேன்னு சொல்லு” என்றான். அவள் தலையசைத்தாள், அழவில்லை. அவன் கண்ணுக்கு மறைந்ததும் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். தண்டனையைக் குறைக்க வழி கேட்பாள் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: “ஏனுங்க, அங்க நேரத்துக்குச் சோறு போடுவாங்களாங்க? அவரு பசி தாங்க மாட்டாருங்க.”

அந்தச் சட்டத்தால் ஜில்லாவில் யார் யார் குடியை விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு சொட்டும் குடிக்காமலே தினமும் தலை கிறுகிறுத்து வீடு போய்ச் சேர்ந்தவன் நான்.