நடுங்கியது பலகைதான்

எலும்பை நம்பிப் பிழைக்கிறவனுக்குள்ள பெரிய கஷ்டம், அவன் செய்த வேலை ஆருடைய கண்ணுக்கும் தெரியாது என்பதுதான். முடி வெட்டுகிறவர் கண்ணாடியைக் காட்டுவார். தையல்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்வார். நான் "எலும்பு கொஞ்சம் இறுகும்" என்றால், சனம் கைரேகை பார்க்கிற சாத்திரியைப் பார்க்கிறமாதிரி என்னைப் பார்க்கும். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்கும், முழங்காலைத் தடவிக்கொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கும் என் வேதனை விளங்கும்.

லண்டனில் கனகாலம் பிசியோதெரபி செய்துவிட்டுத் திரும்பிவந்து, நல்லூரில் இரண்டு ரியூசன் வகுப்புகளுக்கு நடுவில் ஒரு அறை எடுத்தேன். கொண்டுவந்த சாமான்களில் பெரியது அதிர்வுப் பலகை. பார்த்தால் நிறை பார்க்கிற தராசு மாதிரி. ஏறி, முழங்காலைச் சற்று மடித்து நின்றால், உள்ளங்காலில் இருந்து இடுப்புவரை குறுகுறுவென்று அதிரும். தசைக்கும் விழாமல் நிற்கிற நிதானத்துக்கும் நல்லது, எலும்புக்கும் கொஞ்சம் உதவலாம். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வேன். சனம் அதை மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும்.

முதல் விமர்சனம்

முதலில் ஏறியவர் உடுவில் தோட்டக்காரர் சின்னராசா அண்ணை. வெங்காயம் கிண்டிக் கிண்டி இடுப்பு நாரி பிடித்துப்போய் வந்தவர். பலகை அதிர, அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்துநிற்கிறவர் போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த அதிர்வுக்குப் பின்னாலுள்ள விஞ்ஞானத்தை நான் விரிவாக விளக்கினேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதைத்தானே நான் இவ்வளவு காலமும் லாண்ட்மாஸ்டரிலை இருந்து செய்யிறன். அது தோட்டத்தையும் உழுது தரும்."

நிமிர்ந்து நிற்றல்

அப்படிச் சொன்ன மனிசன்தான் அடுத்த கிழமை தன் பக்கத்து வீட்டுக் கிரேஸ் ரீச்சரைக் கூட்டிவந்தார். ரீச்சர் எழுபதைக் கடந்தவர், மிசன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், தனியே இருப்பவர். கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து, அது பொருந்தியபிறகு எடுத்த ஸ்கானில் எலும்பு மெலிந்துவிட்டது என்று தெரிந்ததாம். டொக்டர் குளிசை கொடுத்து, பலகையில் ஏறவும் சம்மதித்திருந்தார். ரீச்சருக்குக் குளிசையில் கவலையில்லை. இன்னொருக்கால் விழுந்தால் வீட்டைப் பூட்டி லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று மகள் சொல்லியிருந்தார்; கவலை அதில்தான்.

"லண்டனிலை நான் ஆரின்ரை வேலியாலை எட்டிப் பாக்கிறது?" என்று என்னைக் கேட்டார். பதினெட்டு வருடம் அங்கே இருந்த நான் பேச்சை மாற்றிப் பலகையைக் காட்டினேன்.

முழங்காலை மடியுங்கோ என்று சொல்லியும் ரீச்சர் தேவாரத்துக்கு நிற்கிற பிள்ளைபோல விறைத்து நின்றார். அதிர்வு நேரே தலைக்குப் போய்ப் பல்செற் கடகடத்தது. பலகையை நிறுத்தினேன். ரீச்சர் பல்லைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "நான் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடப் பெட்டையளை நிமிந்து நில்லுங்கோ எண்டு ஏசினனான். உண்மையைச் சொல்லு தம்பி, அதுகளின்ரை எலும்பையும் நான்தானோ கெடுத்தது?"

வட்ஸ்அப்பில் வந்த வினை

ஒருநாள் ரீச்சர் பலகையில் நிற்கையில் மகள் ஷாமினி வீடியோவில் அழைத்தார். வந்த அழைப்பை எடுக்காமல் விடுவது ரீச்சரின் அகராதியில் மரியாதைக் குறைவு. எடுத்தார். "ந-ந-நல்ல சு-சு-சுகமா இருக்கிறன் பி-பி-பிள்ளை." திரையில் முகமும் அதிர்ந்தது. அந்தப் பக்கத்தில் ஷாமினி "அம்மா, என்ன நடுக்கம்?" என்று கத்தினார்.

நான் பாய்ந்து சுவிச்சில் கை வைக்கப் போனேன். நடுவில் நிறுத்தக்கூடாது என்று நானே பிறகு போட்ட சட்டத்தை ரீச்சர் சுட்டுவிரலால் எனக்கு ஞாபகப்படுத்தினார். அந்த இடைவெளியில், ரீச்சரைக் கூட்டிவந்து வாங்கில் காத்திருந்த சின்னராசா அண்ணை போனை வாங்கி, தன்னால் இயன்ற ஆறுதலைச் சொன்னார்: "பயப்பிடாதை பிள்ளை. கரண்ட் போனால் கொம்மான்ரை நடுக்கம் தானா நிண்டிடும்."

ஒற்றைக்கால்

ஷாமினி அன்றைக்கே ரிக்கெற் போட்டுவிட்டார். தான் வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு இரண்டு.

ரீச்சர் வந்து கதிரையில் இருந்தார். "என்ரை எலும்பு சரிவந்திட்டுது எண்டு அவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லுவியோ தம்பி?" ஆளைப் பார்க்க ஓம் என்று சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எலும்பின் சங்கதி அடுத்த ஸ்கானுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது என்றேன். விழாமல் நிற்கிறது வேறு சங்கதி, அதைப் பழகலாம், காட்டவும் செய்யலாம். வீட்டுக் குசினியில் சமையல் மேசையைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கி நிற்கச் சொன்னேன். தைரியம் வந்தபிறகு ஒவ்வொரு விரலாகக் கையை எடுக்கலாம்.

சில நாளில் சின்னராசா அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "ரீச்சர் விடியக்காத்தாலை குசினியிலை ஒற்றைக்காலிலை தவம் செய்யிறா. சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் உப்பிடிச் செய்யிறேல்லையே. ஆரும் மதம் மாத்திப்போட்டினமோ?"

ஷாமினியின் வருகை

ஷாமினி வந்த மறுநாளே ரீச்சரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். கேள்விகள் ஆங்கிலத்தில் தொடங்கி, கோபம் வர வர உடுவில் தமிழுக்கு இறங்கின.

"எலும்பு கூடியிருக்கோ?"

"இப்ப சொல்லேலாது."

"அப்ப என்ன நம்பிக்கையிலை விட்டிட்டுப் போறது? அம்மாவைத் தனிய விட எனக்குப் பயமாக் கிடக்கு."

ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார், உதவாத மாணவனைப் பார்க்கிறமாதிரி. பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவர்க் கம்பிக்குப் பக்கத்தில் போய், அதைத் தொடாமல் ஒரு காலைத் தூக்கி நின்றார். நின்றபடியே பேரப்பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார்.

"இதென்ன பெரிய வேலையே?" என்று ஷாமினியும் பக்கத்தில் காலைத் தூக்கினார். கதிரையில் இருந்தே உத்தியோகம் பார்க்கிற கால் அது. உடனே ஆடி, என் சட்டையைப் பிடித்தது கை. மற்றக் காலைத் தூக்கினார். அது இன்னும் மோசம், இந்தமுறை என் சட்டைத் தெறி ஒன்று கழன்றது. வாங்கில் இருந்த சின்னராசா அண்ணைக்கு இருமல் வந்துவிட்டது.

ரீச்சர் இன்னும் காலை இறக்கவில்லை. மகளை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, உன்னைத் தனிய லண்டனிலை விட எனக்குப் பயமாக் கிடக்கு."

எலும்பைப் பற்றி நான் இன்றைக்கும் 'கொஞ்சம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் தனியே திரும்பிப்போன ஷாமினி அங்கே ஒரு பலகை வாங்கிவிட்டபடியால், ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளில் இப்போது நடுங்குவது லண்டன் பக்கத்துக் குரல்தான்.