உம் கொட்டக் கூடாத உத்தியோகம்

பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டென்றால், அது படிப்பை அளக்கிற எங்கள் சர்வே வேலைதான். கையில் கொடுத்திருக்கும் டேப்லெட் திரையில் பொறுக்கிக் காட்டும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு தெலுங்குப் பத்தியை நீட்ட வேண்டும். பிள்ளை படிப்பதைக் கேட்டுப் பதிய வேண்டும். சரி என்றோ தப்பு என்றோ சொல்லக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு வாயாவது உண்டு.

பயிற்சி

நான் தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன். உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கம் லேசில் போகுமா? திருப்பதியில் பயிற்சியின்போது ஒரு பையன் படிக்கப் படிக்க, என்னையறியாமல் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சி தந்த மேடம் தெலுங்குக்காரர். எனக்காகத் தமிழுக்கு இறங்கி வந்தார்.

"உம்முன்னா சரின்னு அர்த்தம் பாபு. அப்புறம் படிச்சது அவனா, நீயா?"

லாட்ஜ்

அன்று சாயந்திரம் ரூம் தேடினேன். மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"தனி ஆளுக்கு ரூம் குடுக்கறதில்ல தம்பி. கூட யாராவது இருந்தா கூட்டிக்கினு வா."

எல்லைக்கல்

கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் 'சர்வே' என்றதுமே நாற்காலி வந்தது, மோர் வந்தது. நிலம் என்று ஒன்று கைக்கு வந்து கொஞ்ச காலமே ஆன குடும்பம். வீட்டுக்காரர் என்னை வரப்போடு நடத்திக்கொண்டு போய், பக்கத்துக் கொல்லைக்காரர் நகர்த்திவிட்டதாக ஒரு கல்லைக் காட்டினார். உங்கள் மகனின் படிப்பை அளக்க வந்தேன் என்று சொன்னேன். என் குரல் எப்போதும் மெதுவாகத்தான் வரும். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் எங்கியும் நவுந்து பூடமாட்டான் சார். மொதல்ல கல்ல அளங்க."

சொல்லாத சார்

குடுபல்லியில் ஐந்தாவது படிக்கும் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அவளைக் குருகுலம் என்கிற விடுதிப் பள்ளியின் நுழைவுப் பரீட்சைக்கு அனுப்புவதா, பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அத்தையின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுப்புவதா என்று அவள் நைனாவுக்கு யோசனை. என்னைக் கண்டதும் அந்த யோசனையை என் தலையில் இறக்கி வைத்தார். "கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க சார். படிப்பு வருதுன்னா பரீட்சை. இல்லன்னா ஞாயித்துக்கெழம ரயிலு."

ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் டேப்லெட்டைப் பார்த்தேன். வரிக்கு வரி அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. முடித்துவிட்டு, "சரியாண்ணா?" என்றாள். நைனாவும் கேட்டார். சொல்லக் கூடாதுங்க என்றேன். அவர் பெண் பக்கம் திரும்பினார்.

"நல்லா படிச்சிருந்தா சொல்லமாட்டாரா? போ, துணிய எடுத்து வை."

கடைசித் தாள்

கிளம்புமுன் வீட்டாருக்கு ஒரு தாள் கொடுத்து விளக்க வேண்டும். நெருக்கமாக அச்சடித்த தெலுங்கு. வழக்கமாக நான்தான் படித்துச் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "நைனாவுக்கு நீ படிச்சுச் சொல்லும்மா." யார் படிக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

தெலுங்கில் ஒரு வரி படிப்பாள், தமிழில் அர்த்தம் சொல்வாள். "நம்ம பேரு வெளிய வராதாம் நைனா... எனக்கு எவ்ளோ வந்துச்சின்னு யாருக்கும் சொல்லமாட்டாங்களாம். நமக்குங்கூட." எங்கும் தடங்கல் இல்லை. நைனா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பிறகு அவளை, கடைசியாக என்னை.

"இவதான் எல்லாத்தியும் படிக்கிறாளே, பரீட்சைக்கே போவட்டும். நீங்க இன்னாத்துக்கு சார் வந்தீங்க?"

ஒரு வீட்டுக்கு மறுபடி போக எங்களுக்கு வழியில்லை என்பதால், ஜில்லாப் பிள்ளைகள் எல்லாரும் எவ்வளவு படிக்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்கிற நான், அந்த ஒரு பிள்ளை பரீட்சையில் தேறினாளா என்று தெரியாமலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன்.